எம்-புக்கில் 210 மீட்டர், தெருவில் 170 மீட்டர்: பெயரை மறைத்துக் கொடுத்த ஆர்டிஐ பதில்

வாய்க்கால்கரை
செவ்வாய், இரவு 9:40

வணக்கம் நண்பர்களே, கொஞ்சம் நீளமாக எழுதப் போகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள்.

எங்கள் பேரூராட்சியில் (பெயர் வேண்டாம், இன்னும் அங்கேதான் குடியிருக்க வேண்டும்) எங்கள் தெருவுக்குத் தார் ரோடு போட்டார்கள். பழைய தாரைச் சுரண்டி எடுத்துவிட்டுத்தான் புதுசு போட வேண்டும் என்று 2021லேயே தலைமைச் செயலாளர் கடிதம் எழுதியிருக்கிறார். அதெல்லாம் எங்கள் ஊருக்கு வந்து சேரவில்லை போல, அப்படியே மேலே ஊற்றிவிட்டுப் போனார்கள், வீட்டு வாசற்படி ஒன்று காணாமல் போனது. அதுவும் ஆறு மாதம் தாங்கவில்லை. சைக்கிள் போனால் ஜல்லி தெறிக்கிறது.

சரி என்று ஆர்டிஐ (2005 தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி மனு) போட்டேன். 10 ரூபாய்க்குக் கோர்ட் ஃபீ ஸ்டாம்ப் ஒட்டி, ஸ்பீட் போஸ்டில் அனுப்பினேன். கேட்டது நாலே நாலு: எஸ்டிமேட் நகல், வேலை உத்தரவு, எம்-புக் (முடிந்த வேலையை அளந்து எழுதும் நோட்டு) பக்கங்கள், பில் பாஸான வவுச்சர். 28ஆவது நாள் பதில் வந்துவிட்டது. அதுவே எனக்கு ஆச்சரியம்தான். பிரித்துப் பார்த்தால் ஒப்பந்ததாரர் பெயர், அளவெடுத்த பொறியாளர் பெயர், சரிபார்த்தவர் கையெழுத்து எல்லாம் கருப்பு மார்க்கரால் அடித்திருக்கிறார்கள். கீழே ஒரு வரி: பிரிவு 8(1)(ஜே)யின்படி தனிநபர் தகவல் என்பதால் வழங்க இயலாது.

ஆனால் மார்க்கர் பிடித்த கை அளவுகளை விட்டுவிட்டது. நீளம் 210.00, அகலம் 3.75, கனம் 30 மி.மீ. எங்கள் தெரு பிள்ளையார் கோயிலில் தொடங்கி வாய்க்காலில் முடிகிறது. ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் டேப் பிடித்தோம். 170 மீட்டர், ஒரு முழம் கூட இருக்கலாம். கோயில் முக்கில் அகலம் இரண்டரை மீட்டர்கூட இல்லை, ஆட்டோ வந்தால் நாம் திண்ணையில் ஏறி நிற்க வேண்டும். குடிநீர்க் குழாய்க்குத் தோண்டிய இடத்தில் தாரின் கனம் ஸ்கேல் வைத்துப் பார்த்தேன், ஒன்றரை சென்டிமீட்டர்.

மீதி 40 மீட்டர் ரோடு வாய்க்காலுக்குள் போகிறது என்று வைத்துக்கொள்ளலாம். என் கேள்வி அது இல்லை. ஊர்க்காசில் ரோடு போட்டவர் பெயர் எப்படித் தனிநபர் தகவல் ஆகும்? இதை மறைக்கலாமா?

கணக்கன்
செவ்வாய், இரவு 10:05

அண்ணே, உங்களுக்கு வேறு வேலை இல்லையா. ஒப்பந்ததாரர் யார் என்று உங்கள் தெருவில் டீக்கடைக்காரருக்குத் தெரியும், உங்களுக்கும் தெரியும். காகிதத்தில் தெரிந்து என்ன ஆகப்போகிறது?

வாய்க்கால்கரை
செவ்வாய், இரவு 10:12

தெரியும்தான். டீக்கடையில் சொன்னால் வம்பு, காகிதத்தில் இருந்தால் ஆதாரம்.

நள்ளிரவு வக்கீல்
புதன், அதிகாலை 12:50

மறைக்கலாமா என்றால், 2025 நவம்பர்வரை அவ்வளவு சுலபத்தில் மறைக்க முடியாது, இப்போது மறைக்கத் துணிவு வந்திருக்கிறது.

2005 சட்டத்தில் 8(1)(ஜே) பழைய வாசகத்தில் மூன்று சல்லடை இருந்தது. தனிநபர் தகவல் என்பதாலேயே மறுக்க முடியாது. அது எந்தப் பொது நடவடிக்கையோடும் தொடர்பில்லாததாக இருக்க வேண்டும், அல்லது ஒருவரின் அந்தரங்கத்தில் தேவையில்லாமல் தலையிடுவதாக இருக்க வேண்டும். அப்படியே இருந்தாலும் பெரிய பொதுநலன் இருந்தால் கொடுக்கலாம். கூடவே ஒரு அருமையான வரி இருந்தது: நாடாளுமன்றத்துக்கோ சட்டமன்றத்துக்கோ மறுக்க முடியாத தகவலை எந்த நபருக்கும் மறுக்கக் கூடாது. அதாவது எம்எல்ஏ கேட்டால் கொடுப்பாய் என்றால் எனக்கும் கொடு.

2023இல் டிஜிட்டல் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டம் வந்தது. அதன் 44(3) பிரிவு, போகிறபோக்கில் ஆர்டிஐ சட்டத்தின் இந்தப் பத்தியைச் சீவிவிட்டது. இப்போது மிச்சம் இருப்பது தனிநபர் தகவல் என்கிற சொல் மட்டும். சல்லடை போச்சு, அந்த எம்எல்ஏ வரியும் போச்சு. 2025 நவம்பரில் அந்தப் பிரிவு நடைமுறைக்கு வந்தது. உங்களுக்கு வந்த மார்க்கர் அந்தக் கடையில் வாங்கியது.

ஆனால் கதை முடியவில்லை. 8(2) இன்னும் இருக்கிறது: பொதுநலன் அதிகம் என்றால் விலக்கு இருந்தாலும் கொடுக்கலாம். திருத்தத்தால் ஒன்றும் குறையவில்லை என்று மத்திய அரசு சொல்வதும் இதைக் காட்டித்தான். என் சந்தேகம், அதை யார் தீர்மானிப்பது என்பதில். முன்பு மேசையில் இருக்கும் பொதுத் தகவல் அலுவலரே பொதுநலனைப் பார்த்துக் கொடுக்கலாம். 8(2) பொது அதிகார அமைப்பு, அதாவது அந்த அலுவலகமே, என்று பேசுகிறது. ஒரு கிளார்க் மனநிலையில் யோசியுங்கள், எதற்கு வம்பு, மேலே கேட்டுக்கொள் என்பார்.

உங்கள் மேல்முறையீட்டில் இதை எல்லாம் எழுதுங்கள்: பிரிவு 4(1)(பி) பதினேழு விஷயங்களை யாரும் கேட்காமலே வெளியிடச் சொல்கிறது, அலுவலர்களின் பெயர்ப்பட்டியல், மாதச் சம்பளம், மானியப் பயனாளிகள், அனுமதி பெற்றவர்கள் எல்லாம் அதில் வரும். கேட்காமலே வெளியிட வேண்டிய பெயரைக் கேட்டதும் மறைப்பது எந்த ஊர் நியாயம்? அப்புறம் தமிழ்நாட்டிலேயே 1998இல் டெண்டர் வெளிப்படைத்தன்மைச் சட்டம் இருக்கிறது, டெண்டர் ஏற்கப்பட்டவரின் பெயரை வெளியிட வேண்டும் என்பது அதில் உண்டு. கடைசியாக 19(5): மறுத்தது சரி என்று நிரூபிக்கும் பொறுப்பு மறுத்தவருடையது, உங்களுடையது இல்லை. பதில் கிடைத்த நாளிலிருந்து 30 நாளுக்குள் முதல் மேல்முறையீடு, மறந்துவிடாதீர்கள்.

சேலத்துக்காரி
புதன், காலை 7:30

வக்கீல் சார் சொன்னதற்குப் பக்கத்தில் ஒன்று வைக்கிறேன், ஏன் இந்தப் பெயர் விஷயத்தில் இவ்வளவு பேர் கொதிக்கிறார்கள் என்பதற்காக. நான் எம்.ஏ. படித்தபோது இதைத்தான் ஆய்வுக்கட்டுரைக்கு எடுத்தேன்.

ஆர்டிஐ டெல்லியில் பிறந்த சட்டம் இல்லை. ராஜஸ்தானில் பீம் வட்டத்தில் தேவ்டுங்ரி என்று ஒரு குக்கிராமம். அருணா ராய், நிகில் டே, சங்கர் சிங் மூவரும் ஊர்க்காரர்களோடு சேர்ந்து 1990 மே 1 அன்று மஸ்தூர் கிசான் சக்தி சங்கடன் ஆரம்பித்தார்கள். அப்போதைய பிரச்சினை தகவல் உரிமையே இல்லை, கூலி. வறட்சி நிவாரண வேலைக்குப் போனால் குறைந்தபட்சக் கூலி தர மாட்டான். கேட்டால், நீ வேலை செய்யவில்லை, காகிதத்தில் அப்படித்தான் இருக்கிறது என்பான். எங்கே காகிதம், காட்டு என்றால் அது அரசாங்க ரகசியம்.

1994 டிசம்பரில் கோட் கிரானாவில் முதல் ஜன் சுன்வாய், நம் ஊர் வழக்கில் மக்கள் விசாரணை. எப்படியோ கிடைத்த மஸ்டர் ரோலை (வேலைக்கு வந்தவர்களின் பெயர்ப் பட்டியலை) ஊர் நடுவில் சத்தமாகப் படித்தார்கள். அவ்வளவுதான் செய்தார்கள், பெயரைப் படித்தார்கள். இப்படி நடந்த விசாரணைகளில்தான் செத்துப்போனவர் பெயரில் கூலி போயிருப்பதும், ஊரைவிட்டுப் போய் வருஷக் கணக்கானவர் மண் சுமந்ததாக எழுதியிருப்பதும் வெளியே வந்தன. கூட்டத்தில் இருப்பவர்களுக்கு எழுதப் படிக்கத் தெரிய வேண்டியதில்லை. பெயர் காதில் விழுந்தால் போதும், யார் இருக்கிறான் யார் இல்லை என்று ஊருக்குத் தெரியும்.

இப்போது அதே மஸ்டர் ரோலைப் பெயர் மறைத்துப் படித்துப் பாருங்கள். வரிசை எண் 1, ஆண், ஆறு நாள். வரிசை எண் 2, பெண், ஆறு நாள். யார் எழுந்து நின்று, அது நான்தான், எனக்குக் காசு வரவில்லை என்று சொல்வார்?

1995இல் அன்றைய முதல்வர் பைரோன் சிங் ஷெகாவத் பஞ்சாயத்துக் காகிதங்களின் நகல் தருவதாகச் சட்டமன்றத்தில் சொன்னார், வழக்கம்போல ஆணை வரவில்லை. 1996 ஏப்ரலில் பியாவர் ஊரில் சாங் கேட் பக்கத்தில் தர்ணா உட்கார்ந்தார்கள். 40 நாள். சுற்றுக் கிராமங்களிலிருந்து தானியம் வந்தது, ஊர்க் கடைக்காரர்கள் காய்கறி கொடுத்தார்கள். ‘ஹமாரா பைசா, ஹமாரா ஹிசாப்’, எங்கள் காசு எங்கள் கணக்கு என்பதுதான் கோஷம். வாய்க்கால்கரை அண்ணன் டேப் பிடித்ததும் அதே கோஷம்தான், சத்தம் இல்லாமல்.

கணக்கன்
புதன், காலை 9:15

ராஜஸ்தானை விடுங்கள், 1997லேயே தகவல் உரிமைச் சட்டம் போட்ட முதல் மாநிலம் நம்முடையதுதான். அதில் விலக்குகளை எடுத்துவிட்டால் மிச்சம் தேட வேண்டியிருக்கும் என்பது வேறு கதை. மத்தியில் 2002இல் ஒரு சட்டம் நிறைவேற்றி, அமலுக்கே கொண்டுவராமல் வைத்திருந்தார்கள். 2005இல் வந்ததுதான் உருப்படி, அதையும் அன்றிலிருந்தே அரித்துக்கொண்டு வருகிறார்கள்.

2019 திருத்தத்தை யாரும் சொல்லவில்லையே. அதுவரை தகவல் ஆணையர்களுக்கு (இரண்டாம் மேல்முறையீட்டைக் கேட்பவர்கள்) ஐந்து வருஷப் பதவிக்காலம் சட்டத்திலேயே இருந்தது, தலைமைத் தகவல் ஆணையருக்குத் தலைமைத் தேர்தல் ஆணையருக்குச் சமமான சம்பளம். திருத்தத்துக்குப் பிறகு இரண்டையும் மத்திய அரசு விதி போட்டுத் தீர்மானிக்கும், விதியில் மூன்று வருஷமாகக் குறைத்தார்கள். ஜார்க்கண்டில் 2020 மே மாதத்திலிருந்து ஆணையரே இல்லாமல் ஆணையம் வருஷக் கணக்கில் முடங்கிக் கிடந்தது. கட்சிகளின் கதை இன்னும் ருசி. ஆறு தேசியக் கட்சிகளும் ஆர்டிஐக்குள் வரும் என்று 2013இல் மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது. காங்கிரஸ், பாஜக, கம்யூனிஸ்ட் எல்லாரும் ஒற்றுமையாக இருந்த ஒரே விஷயம் அதைக் கண்டுகொள்ளாமல் விட்டதுதான். கட்சிகளுக்கு நன்கொடை தரும் தேர்தல் பத்திரத்தில் பெயரை மறைத்தே ஆறு வருஷம் ஓட்டினார்கள், 2024 பிப்ரவரி 15 அன்று உச்ச நீதிமன்றம் அரசியல் சட்டத்துக்கு விரோதம் என்று சொன்ன பிறகுதான் யார் வாங்கினார் என்று தெரிந்தது. மேலே கோடிக்கு மறைத்தார்கள், கீழே உங்கள் தெருவுக்கு மறைக்கிறார்கள். மார்க்கர் ஒன்றுதான்.

அதனால்தான் வீண் வேலை என்றேன், உங்களைக் கிண்டல் பண்ண இல்லை.

மேசைக்கு அந்தப்பக்கம்
புதன், மாலை 6:45

இந்த இழையைப் படித்துவிட்டு எழுதாமல் இருக்க முடியவில்லை. நான் ஒரு அலுவலகத்தில் பொதுத் தகவல் அலுவலர், எங்கே என்று கேட்காதீர்கள்.

எங்களுக்கென்று தனிப் பதவி இல்லை சார். வரி வசூல், பிறப்பு இறப்பு, தேர்தல் வேலை எல்லாவற்றோடும் இது. போன மாதம் ஒருவர் அனுப்பிய மனுவில் 61 கேள்வி. 2005 முதல் இன்றுவரை போட்ட எல்லா டெண்டர்களின் நகலும் வேண்டுமாம். பதிவறையில் போய்ப் பாருங்கள், கரையான் அரித்தது போக மிச்சத்தில் 2011க்கு முந்தைய கட்டுகளுக்கு முடிச்சு அவிழ்த்தாலே தூள் கொட்டும். இன்னொருவர் மனு போட்டுவிட்டு, மறுநாள் ஒப்பந்ததாரர் வீட்டில் போய், வாபஸ் வாங்க எவ்வளவு என்று பேரம் பேசுகிறார். ஊருக்கு ஊர் இப்படி ஒருவர் உண்டு, நீங்களும் பார்த்திருப்பீர்கள். தாமதமானால் நாளுக்கு 250 வீதம் 25,000 வரை அபராதம், அது என் சம்பளத்தில், தலைவர் சம்பளத்தில் இல்லை.

மார்க்கர் விஷயத்துக்கு வருகிறேன். பெயரைக் கொடுத்து ஒருவர் புகார் செய்தால் நான் மாட்டுவேன், கொடுக்காவிட்டால் மேல்முறையீடுதானே, அதை மேலே இருப்பவர் பார்த்துக்கொள்வார். புதுத் தரவுச் சட்டத்தில் கோடிக்கணக்கில் அபராதம் என்று செய்தியில் பார்த்தோம், அது எங்களுக்குப் பொருந்துமா என்று விளக்கிச் சொல்ல ஆள் இல்லை. பயத்தில் அடிக்கிறோம். அளவை விட்டுவிட்டுப் பெயரை மட்டும் அடித்திருக்கிறார் என்றால் அந்த அலுவலர் கெட்டவர் இல்லை என்றுகூட எனக்குத் தோன்றுகிறது, யோசித்துப் பாருங்கள்.

நள்ளிரவு வக்கீல்
புதன், இரவு 11:30

ஐயா, மனம் திறந்து எழுதியதற்கு நன்றி. 61 கேள்வி மனுவுக்கு உங்களிடம் 7(9) இருக்கிறது, அலுவலக வேலையே முடங்கும் என்றால் கேட்ட வடிவில் தராமல் வேறு வடிவில் தரலாம், நேரில் வந்து பார் என்று சொல்லலாம். மறுக்கத்தான் முடியாது. மிரட்டிக் காசு பிடுங்குபவரிடம் உண்மையான மருந்து பிரிவு 4தான். எல்லாம் ஏற்கெனவே இணையத்தில் கிடந்தால் அவரிடம் விற்க என்ன இருக்கிறது? ராஜஸ்தானில் 2019 முதல் ஜன் சூசனா என்று ஒரு தளம் நடத்துகிறார்கள், பஞ்சாயத்து வாரியாக எடுத்துப் பார்க்கலாம்.

நித்யகல்யாணி
வியாழன், காலை 10:20

எல்லாரும் பெயர் வேண்டும் பெயர் வேண்டும் என்கிறீர்கள். நான் அரசு ஊழியர். என் விவாகரத்து வழக்கு நடந்த சமயத்தில் எதிர்த்தரப்புச் சொந்தக்காரர் ஒருவர் என் விடுப்பு விவரம், மருத்துவ விடுப்புக்கான காரணம், பிஎஃப் நாமினி யார் என்று ஆர்டிஐ போட்டார். மருத்துவ விடுப்பு எதற்கு என்பது என் அம்மாவுக்கே தெரியாத விஷயம். அன்றைக்கு என் அலுவலகத்தில் 8(1)(ஜே) சொல்லித்தான் மறுத்தார்கள், அந்தப் பிரிவை நான் சாமி படத்துக்குப் பக்கத்தில் வைத்துக் கும்பிடுவேன். அந்தரங்கம் அடிப்படை உரிமை என்று 2017இல் உச்ச நீதிமன்றத்தில் ஒன்பது நீதிபதிகள் சொன்னார்கள். அதை ஏதோ ஊழல்வாதிகளின் சதி மாதிரி பேசாதீர்கள்.

சேலத்துக்காரி
வியாழன், காலை 11:05

அக்கா, மன்னிக்கவும். நான் அந்தப் பக்கத்தை யோசிக்கவே இல்லை.

நள்ளிரவு வக்கீல்
வியாழன், இரவு 11:10

அம்மா, நீங்கள் சொல்வது முழுக்க நியாயம், ஆனால் கவனியுங்கள், உங்களைக் காப்பாற்றியது பழைய வாசகம். மருத்துவ விடுப்புக்கும் பொது நடவடிக்கைக்கும் சம்பந்தம் இல்லை, எனவே மறுத்தார்கள். பணிப்பதிவேடும் வருமான வரிக் கணக்கும் தனிநபர் தகவல் என்று 2012லேயே கிரீஷ் தேஷ்பாண்டே வழக்கில் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அதிலேயே கொஞ்சம் அதிகமாகப் போய்விட்டார்கள் என்று எங்களில் பலர் முணுமுணுத்தோம். ஆக, உங்களுக்குக் கூரை ஏற்கெனவே இருந்தது. திருத்தம் செய்தது, அதே கூரைக்குக் கீழே ஒப்பந்ததாரரையும் கூப்பிட்டு உட்காரவைத்தது. உங்கள் விடுப்புச் சீட்டும் அவர் பில்லும் ஒன்று என்கிறது. உங்களுக்கு இதில் சம்மதமா?

நித்யகல்யாணி
வெள்ளி, காலை 8:00

சம்மதம் இல்லை. ஆனால் சல்லடை பிடிக்கும் கை யாருடையது என்பதைப் பொறுத்து என் விடுப்புச் சீட்டும் விழலாம் என்கிற பயம் போகவில்லை. நீங்கள் வக்கீல், உங்களுக்கு வாசகம் தெரிகிறது. எனக்கு அந்த மேசையில் உட்கார்ந்திருந்தவர் முகம்தான் ஞாபகம் வருகிறது.

வாய்க்கால்கரை
மூன்று வாரம் கழித்து, சனி, இரவு 8:15

எல்லாருக்கும் நன்றி. நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

வக்கீல் சார் சொன்னபடி முதல் மேல்முறையீடு எழுதினேன். கூடவே இன்னொரு மனுவும் போட்டேன், சட்டத்தில் பிரிவு 2(ஜே) என்று ஒன்று இருக்கிறதே, வேலையை, ஆவணத்தை நேரில் பார்வையிடலாம், பொருளின் சான்றிட்ட மாதிரிகூட எடுக்கலாம் என்று. ரோட்டிலிருந்து ஒரு துண்டு மாதிரி வேண்டும் என்று கேட்டுவிட்டேன். அலுவலகத்தில் அதைப் படித்தவர் இரண்டு தடவை படித்தாராம்.

பார்வையிடக் கூப்பிட்டார்கள். முதல் ஒரு மணி நேரத்துக்குக் காசு இல்லை. எம்-புக் நான் நினைத்த மாதிரி இல்லை, நீளவாக்கில் கெட்டி அட்டை போட்ட நோட்டு, பக்கத்துக்குப் பக்கம் எண் அச்சடித்தது. நீலப் பேனாவில் எழுதிய வரிசையில் எங்கள் தெருவில் மட்டும் 1 என்பது 2 ஆகவும் 7 என்பது 1 ஆகவும் திருத்திய மாதிரி தடித்த கோடு. 170, 210. திருத்தினால் பக்கத்தில் சுருக்கொப்பம் வேண்டுமாம், அது இல்லை. பெயர் மேல் ஒரு வெள்ளைத் தாளை கிளிப் போட்டு வைத்திருந்தார்கள். காட்டிய பையன் சின்ன வயசு. காற்றாடியை ஐந்தில் வைத்துவிட்டு, தண்ணி குடித்துவிட்டு வருகிறேன் சார் என்று எழுந்து போனான். தாள் பறந்தது. நான் எதையும் தொடவில்லை.

அந்தப் பெயரை இங்கே எழுத மாட்டேன், மேல்முறையீட்டு உத்தரவில் வரட்டும். விசாரணை அடுத்த வாரம்.

மேசைக்கு அந்தப்பக்கம்
சனி, இரவு 9:02

அந்தப் பையனைப் பற்றி இங்கே இனிமேல் எழுதாதீர்கள் சார். காற்றாடி கதையை முடிந்தால் எடுத்துவிடுங்கள்.

வாய்க்கால்கரை
சனி, இரவு 9:20

சரிதான், யோசிக்காமல் எழுதிவிட்டேன். திருத்த முயல்கிறேன், பதிவு போட்டு ஒரு மணி நேரம் ஆகிவிட்டதால் தளம் விடமாட்டேன் என்கிறது. நிர்வாகி யாராவது பார்த்தால் அந்த இரண்டு வரியை நீக்கிவிடுங்கள்.

இன்னொன்று. இன்று காலை ஏழு மணிக்குத் தெருவில் சத்தம். இரண்டு பேர் டேப் வைத்து அளந்துகொண்டு வந்தார்கள், ஒருவர் கையில் நோட்டு. கோயிலில் தொடங்கி வாய்க்கால்வரை வந்து நின்றார்கள். நோட்டு வைத்திருந்தவர் தண்ணீரைப் பார்த்தார், நோட்டைப் பார்த்தார், அப்புறம் பல் விளக்கிக்கொண்டிருந்த என்னைப் பார்த்து, ‘சார், இதுக்கு மேல தெரு இல்லையா?’ என்றார்.